“இங்க குடு!”

(பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் கூடிய கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பத்தொரு வருடம் அரசு பெண்கள் பள்ளிகளில் பி.டி. டீச்சராக இருந்தேன். அதில் பத்தொன்பது வருடம் கால்பந்து. நான் கால்பந்து ஆடி வளர்ந்தவள் இல்லை, கோ-கோ ஆடினவள். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பக்கத்துப் பையன்கள் பள்ளி பி.டி. சாரிடம் போய் நின்று, பந்தை எப்படி நிறுத்துவது என்பதிலிருந்து கற்றுக்கொண்டேன். பெண் பிள்ளைகளின் தன்னம்பிக்கை என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். கிரவுண்டில் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு வார்த்தையில் தொடங்குகிறேன். ‘சாரி.’

புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராக நிற்கவைத்து பாஸ் பழகச் சொல்லிப் பாருங்கள். பந்து ஒரு அடி விலகிப் போனால் “சாரிடி”. வேகமாகப் போனால் “சாரி சாரி”. எதிரில் இருப்பவள் பந்தை விட்டுவிட்டால் கொடுத்தவளும் சாரி சொல்வாள், விட்டவளும் சொல்வாள். ஒருநாள் மரத்தடியில் நின்று எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியதும் மனசு கேட்காமல் விட்டுவிட்டேன். மைதானத்தின் மறுபாதியில் பக்கத்துப் பள்ளிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பந்து விலகிப் போனால் வருகிற சத்தமே வேறு. “ஏன்டா அங்க போய் நின்ன?” தப்பாக அடித்தவனே கூட ஆடுகிறவனைத் திட்டுகிறான். அந்தப் பழக்கம் நல்லது என்று சொல்ல வரவில்லை. பதினொரு வயதில் ஒரு பிள்ளை பந்தைத் தொட்டதற்கே மன்னிப்புக் கேட்கிறாளே, அதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அன்றைக்கு யோசித்தேன்.

‘பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இப்போது யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் அதன் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. சத்தமாகப் பேசாதே, குதிக்காதே, காலை அகட்டி நிற்காதே, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கிப் போ. பதினொரு வயதுக்குள் இதெல்லாம் உடம்பில் ஊறிவிடுகிறது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கால்பந்து மைதானத்தில் விட்டால், அங்கே உள்ள சட்டம் அத்தனையும் தலைகீழ். காலை அகட்டித்தான் நிற்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் தோள்கொடுத்து நிற்க வேண்டும். சத்தம் போட்டே ஆக வேண்டும். பந்து வைத்திருப்பவளுக்கு முதுகில் கண் கிடையாது. “ஆள் வருது”, “டைம் இருக்கு”, “திரும்பு”, “விடு, என் பந்து” என்று கூட ஆடுகிறவள் கத்தினால்தான் அவளுக்குத் தெரியும். வாய் திறக்காத டீம் கால் நன்றாக இருந்தும் தோற்கும்.

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பு. ஓட்டம் அருமையாக இருக்கும், பந்து காலோடு ஒட்டிக்கொண்டு போகும், ஆனால் வாயிலிருந்து சத்தமே வராது. கண்ணைக் கட்டி ஒரு பயிற்சி கொடுப்பேன். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தோடு நடக்க வேண்டும், ஜோடியாக இருப்பவள் குரலாலேயே வழிகாட்ட வேண்டும். இவள் வழிகாட்டியாக நின்றால் கண் கட்டியவள் நேரே போய் வேலியில் முட்டிக்கொள்வாள். “வலது பக்கம்” என்று இவள் சொல்வது இவளுக்கே கேட்காது.

அவளுடைய அம்மா தலைச்சுமையாக மீன் விற்கிறவர். அந்த அம்மாள் முதல் தெருவில் நுழையும்போதே மூன்றாம் தெருவில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள், அப்படி ஒரு குரல். ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டேன். “உங்க அம்மா மீனு மீனேய்னு கூப்பிடுறாங்கள்ல, அதே மாதிரி ஒரு தடவ கூப்பிடு, பார்ப்போம்.” அவளுக்கு வெட்கம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அப்படியே அம்மா மாதிரி இழுத்து, “பந்தேய்...” என்று ஒரு குரல் கொடுத்தாள். வேலிக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் அவளுக்குள் முதலிலிருந்தே இருந்தது. நான் புதிதாகக் கொடுத்தது எதுவும் இல்லை.

அடுத்த வருடம் குறுவட்டப் போட்டி. இவள் நடுக்களத்தில் ஆடினாள். ரெண்டாவது பாதியில் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்த பந்து வலுவில்லாமல் நடுவழியில் நின்றுபோனது. எதிர் டீம் பிள்ளை ஓடிவந்து எடுத்து கோல் அடித்துவிட்டாள். இவள் தலையில் கைவைத்து நின்றதைப் பார்த்ததும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெஞ்சில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் டிராக் பேன்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில் கோட்டோரம் ஒரு குரல் கேட்டது. “அக்கா, இங்க குடு!” இவள்தான். தப்பு நடந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, மறுபடியும் பந்தைக் கேட்கிறாள். பெஞ்சுப் பிள்ளையிடம், “நீ உக்காரும்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த மேட்ச் 1-2 என்று தோற்றோம். எனக்கு அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

தன்னம்பிக்கை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் ‘இங்க குடு’ என்ற ரெண்டு வார்த்தையைத்தான் சொல்வேன். பந்தை விட்டவள் அடுத்த பந்தைக் கேட்பது. தப்பே பண்ணாத பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது. பயந்துபோன பிள்ளை என்ன செய்வாள் தெரியுமா? பந்து வர முடியாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொள்வாள். எதிராளி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் ஓடுகிற மாதிரியே இருக்கும். டீச்சருக்குத்தான் தெரியும், அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தன்னால் இது முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு எந்தெந்த வழியில் உண்டாகிறது என்று பார்த்தார். பிறர் சொல்லும் உற்சாக வார்த்தைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விட வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார். இதை நான் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். அதற்குள் என் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் “சூப்பர்” என்று கைதட்டுகிற டீச்சராக நான் கொஞ்ச காலம் இருந்தேன். பிள்ளைகள் அதை மதிக்கவே இல்லை. ஒருத்தி நேராகவே கேட்டாள், “மிஸ், நான் அடிச்சது வெளிய போச்சு, அதுக்கு எதுக்கு சூப்பர்?”

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். பந்தைக் கீழே விடாமல் காலால் எத்தனை தடவை தட்டினாய் என்று தினமும் தேதி போட்டு எழுத வேண்டும். வேறு யாருடைய நோட்டையும் பார்க்கக் கூடாது. முதல் நாள் 2. அடுத்த நாள் 2. மூன்றாம் நாள் 3. ஒரு வாரம் 4லேயே நிற்கும். பிறகு ஒருநாள் 9 வரும். அந்த 9ஐ நான் பாராட்டத் தேவையே இல்லை. பென்சிலால் எழுதி, அழித்து, பேனாவால் திரும்ப எழுதியிருப்பார்கள். “என்னால முடியாது மிஸ்” என்று வருகிற பிள்ளையிடம் “உன்னால் முடியும்” என்று நான் வாதாடுவதில்லை. “நோட்டை எடுத்துட்டு வா, ஆடி மாசத்துப் பக்கத்தைத் திருப்பு” என்பேன். பார்த்துவிட்டு அவளே பந்தை எடுத்துக்கொண்டு போவாள்.

சின்னச் சின்ன விஷயம் எல்லாம் இதில் சேரும். எங்களிடம் இருந்தது ஐந்தாம் நம்பர் பந்து மட்டும். கல் மாதிரி காற்றடித்து வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் காலில் அது பட்டால் வலி உயிர் போகும், அப்புறம் பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ‘பொண்ணுங்க பயப்படுது’ என்று சொல்வோம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான்காம் நம்பர் பந்து என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கப் பணம் வரும்வரை ஐந்தாம் நம்பரிலேயே கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன். ஒரு வாரத்தில் முகத்தைத் திருப்புவது நின்றுவிட்டது. பயம் பிள்ளையிடம் இருக்கிறதா, பந்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பக் காலத்தில் நான் கோட்டுக்கு வெளியே நின்று விடாமல் கத்துவேன். “வலது பக்கம் கொடு, திரும்பு, அடி, பின்னால வா.” என் பிள்ளைகள் ஜெயித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு மேட்ச்சில் எங்கள் கேப்டன் காலுக்குப் பந்து வந்தது. எதிரில் கோல் போஸ்ட் திறந்து கிடக்கிறது. அவள் தலையைத் தூக்கினாள். கோலைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குள் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டிலும் தெருவிலும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கிரவுண்டிலும் பார்ப்பதற்கு இன்னொரு முகமாக நான் ஆகிவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து மேட்ச் நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். முதல் ரெண்டு நிமிடம் நான் பேசக் கூடாது, அவர்கள்தான் பேச வேண்டும். முதலில் பயங்கர நிசப்தம். ஒருத்தி புல்லைப் பிடுங்குவாள், ஒருத்தி ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவாள். நாலைந்து மேட்ச் அப்படிப் போனது. பிறகு, பெரும்பாலும் பேசாத ஒருத்திதான் முதலில் வாய் திறந்தாள். “அந்த ஏழாம் நம்பர் அக்கா எப்பவும் உள்பக்கம்தான் திரும்புறாங்க. வெளிப்பக்கத்த விட்டுட்டு உள்பக்கத்த அடைப்போமா?” எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் சொன்னபடி செய்தோம். அந்த ஏழாம் நம்பர் அதற்கப்புறம் பந்தோடு உள்ளே வரவே இல்லை.

பெற்றோர்களிடம், குறிப்பாக அப்பாக்களிடம், ஒரு வேண்டுகோள். மகள் நன்றாக ஆடினால் பெருமை தாங்காமல் “ஆம்பளப் பையன் மாதிரி ஆடுறா” என்கிறீர்கள். பாசத்தில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதில் கேட்பது என்ன? நல்ல ஆட்டம் என்பது பையனுடைய சொத்து, உனக்கு இன்றைக்கு இரவல் கிடைத்திருக்கிறது என்பதுதான். நாளைக்குச் சரியாக ஆடாவிட்டால் அந்த இரவல் போய்விடும். அவள் இடது காலால் பந்தைத் தடுத்து ஒரே அசைவில் திரும்பினாளே, அதைச் சொல்லுங்கள். பார்த்ததைச் சொன்னால் போதும்.

கால்பந்து பையன்களின் ஆட்டம் என்பதே எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் டிக், கெர் என்ற தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போரின்போது அங்கே வேலைபார்த்த பெண்கள் சேர்ந்து ஒரு டீம் அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, 1921 டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. பெண்களுக்கு இது ஒத்துவராத ஆட்டம் என்று காரணம் சொன்னது. அந்தத் தடை விலக ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. பாட்டி ஆடியதைப் பார்க்க ஐம்பதாயிரம் பேர் வந்த ஊரில், பேத்திக்குப் பந்து உதைக்க இடம் இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் போதாது என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மைதானத்துக் கதவுதான் ஞாபகம் வருகிறது.

இனிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

ஆறாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் வருவார்கள். எட்டாம் வகுப்பில் அதில் பாதி. ஒன்பதாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நடுவில் என்ன நடக்கிறது என்று இங்கே இருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும். பிள்ளை வயதுக்கு வருகிறாள். மஞ்சள் நீராட்டு, பந்தல், போட்டோ. பத்துப் பதினைந்து நாள் கழித்து கிரவுண்டுக்கு வந்தால் வேறு பிள்ளையாக வருகிறாள். தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுகிறாள். நெஞ்சில் பந்தை வாங்கச் சொன்னால் கையைக் குறுக்கே கட்டிக்கொள்கிறாள். வெள்ளை ஷார்ட்ஸ் போட மாட்டேன் என்கிறாள். ‘தன்னம்பிக்கை குறைஞ்சு போச்சு’ என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போய்விடலாம். அவளுக்குத் தேவைப்பட்டது மூன்று நான்கு சாமான்கள். உடம்பைப் பிடித்து நிறுத்துகிற சரியான உள்ளாடை, கறுப்பு ஷார்ட்ஸ், பையில் ஒரு நாப்கின், பூட்டாத கழிப்பறை.

வெள்ளை ஷார்ட்ஸ் விஷயத்தில் நம் பிள்ளைகள்தான் கூச்சப்படுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய சாம்பியனான இங்கிலாந்து பெண்கள் அணியே மாதவிடாய் நாட்களில் வெள்ளை ஷார்ட்ஸ் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி, 2023இல் நீல ஷார்ட்ஸுக்கு மாறியது. நம் பள்ளியில் கறுப்புத் துணி எடுத்துத் தைப்பதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

கழிப்பறைச் சாவியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் பிள்ளைகளை அழைத்துப்போன ஒரு மைதானத்தில் கழிப்பறை புதிதாகக் கட்டியிருந்தார்கள், டைல்ஸ் எல்லாம் போட்டு அழகாக இருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. அவர் டீ குடிக்கப் போனால் ஒரு மணி நேரம். பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஆடினார்கள். கேட்டால் “தாகம் இல்ல மிஸ்” என்றார்கள். ரெண்டாவது பாதியில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பார்த்தவர்கள் “பொம்பளப் புள்ளைக்கு ஸ்டாமினா இல்ல” என்று பேசிக்கொண்டு போனார்கள்.

முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.சி.எல். என்கிறோமே, அந்த ஜவ்வு கிழிகிற ஆபத்து கால்பந்தில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். இதைச் சொல்லி யாரும் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்காலை உள்பக்கம் சாயவிடாமல் இறங்கப் பழக்கலாம். ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்று இருபது நிமிட வார்ம்-அப் ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. அதை விடாமல் செய்தால் அடிபடுவது கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன் உடம்பு எப்படி இறங்கும் என்று தெரிந்த பிள்ளை பந்துக்குத் தயங்காமல் எழும்புவாள்.

அம்மாக்கள் என்னிடம் கேட்பது வேறு. “கறுத்துப் போயிடுறா டீச்சர்.” “கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்வாங்க?” இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அந்த நாலு பேருக்கு நடுவில்தான் அவர்கள் வாழ வேண்டியிருக்கிறது. பதிலுக்கு நான் பிரசங்கம் செய்வதில்லை. ஒருநாள் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆடும் மேட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவேன்.

கடலூர் என்றால் பலருக்கு 2004 டிசம்பர் 26தான் நினைவுக்கு வரும். சுனாமி அடித்த கரை. ஆதரவில்லாமல் அரசு இல்லத்தில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அந்த மண்ணிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் வந்தார், சந்தியா ரங்கநாதன் வந்தார், இந்தியாவுக்காக ஆடினார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் மலை. தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது. அந்த இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு பணியில் நின்றார். தழும்பைப் பற்றிக் கேட்ட அம்மா ஒருவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இதுக்கு என்ன படிக்கணும் டீச்சர்?” என்று கேட்டார்.

சுனாமி என்று சொல்லும்போது எனக்கு ஜப்பான் பெண்களும் நினைவுக்கு வருவார்கள். 2011 மார்ச்சில் அங்கே கடல் ஊருக்குள் வந்தது. அதே வருடம் ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர்கள் அமெரிக்காவை எதிர்கொண்டார்கள். ரெண்டு தடவை பின்தங்கி ரெண்டு தடவையும் சமன் செய்தார்கள். ரெண்டாவது கோல் ஹோமாரே சாவா அடித்தது, கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில். பிறகு பெனால்டி. உதைக்கப் போவதற்கு முன் வட்டமாக நின்ற அந்தப் பெண்களும் அவர்களுடைய பயிற்சியாளர் சசாகியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகக் கோப்பை பெனால்டிக்கு முன்னால் சிரிப்பு! பெனால்டியில் 3-1 என்று ஜெயித்தார்கள். நான் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். பயிற்சியாளர் முகம் இறுகியிருந்தால் உதைக்கிறவள் கால் இறுகிவிடும்.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர்மாஞ்சி என்ற பகுதி. அங்கே ‘யுவா’ என்ற அமைப்பு 2009இலிருந்து கிராமத்துப் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறது. 2013இல் ஸ்பெயினில் ஒரு போட்டிக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போன பிள்ளைகளை அறைந்தார்கள், தரையைப் பெருக்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஸ்பெயின் போய் மூன்றாம் இடம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தக் கோப்பையைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் வெளியூர் ஆட்கள் இல்லை, அதே கிராமத்தில் முன்னால் ஆடிக் கற்ற அக்காக்கள். இதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆறாம் வகுப்பை ஒப்படைத்தேன். தங்கச்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாளில் மட்டும் அந்த அக்காக்கள் ஒருத்திகூட லீவு போட்டதில்லை.

தோல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. புவனேஸ்வரில் நம் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. ஒரு கோல்கூட இல்லை. அமெரிக்க ஆட்டத்தை என் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு செல்போனில் பார்த்தேன். ஐந்தாவது கோலுக்குப் பிறகு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். முடிந்ததும் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் கோல்கீப்பர் சொன்னாள், “எட்டுத் தடவை பந்தை நடுவுல வச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க மிஸ்.” அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்த ஆட்டத்தில் தெரிந்தது எட்டுக் கோல். அவளுக்குத் தெரிந்தது எட்டு ஆரம்பம்.

2025 ஜூலையில் நம் சீனியர் பெண்கள், தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே சியாங் மாயில் 2-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் செய்தி எனக்குப் பழைய பிள்ளைகளிடமிருந்து ஏழெட்டு போனாக வந்தது. ஒருத்தி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் இருந்தாள், நர்ஸ். ஒருத்திக்குக் கைக்குழந்தை. மீன்காரம்மாவின் மகளும் கூப்பிட்டாள். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

மேட்ச் முடிந்து வண்டியில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களே, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்று. அந்த நேரத்தில் “ஏன் அந்த பந்த விட்ட?” என்று கேட்காதீர்கள். அவளுக்கு அது தெரியும், ராத்திரி முழுக்க அந்தப் பந்து அவள் கண்ணுக்குள் உருண்டுகொண்டுதான் இருக்கும். ஒரு அப்பா எங்கள் ஊரில் இருந்தார், ஆட்டோ ஓட்டுகிறவர். ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். “பசிக்குதா?” ரெண்டு பேரும் வழியில் வண்டியை நிறுத்தி பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு மேட்ச்சையும் விட்டதில்லை.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது, இப்போது ஆடிக்கொண்டிருக்கும் டீமின் கேப்டனிடம், அதோ கதவோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம்தான் கேட்டேன். “பெரியவங்கெல்லாம் வர்றாங்க, உங்க சார்புல என்னம்மா சொல்லட்டும்?” கொஞ்சம் யோசித்தாள். பழைய பிள்ளைகளாக இருந்தால் ஷூ கேட்டிருப்பார்கள், அல்லது “நீங்களே எதாச்சும் சொல்லுங்க மிஸ்” என்று தலையைக் குனிந்திருப்பார்கள். இவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“சனிக்கிழமை மூணரை மணிக்கு மேட்ச் இருக்குன்னு சொல்லுங்க மிஸ். நம்ம கிரவுண்டுலதான்.”